லோடர் எவ்வளவு தூக்கும், பின்னால் எவ்வளவு பாரம் வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரும்போக வெட்டு முடிந்த கையோடு எனக்குப் போன் வரத் தொடங்கும். பட்டியில் எரு அள்ள வேண்டும், வளவுக்கு மணல் பரப்ப வேண்டும், வெள்ளம் உடைத்த வரம்பைக் கட்ட வேண்டும், அதற்காகச் சின்ன மெசினுக்கு, அதாவது உழவு இயந்திரத்துக்கு, முன்னால் அள்ளித் தூக்கும் லோடர் பூட்டியிருப்பார்கள். வவுணதீவில் இருந்து ஒருவர், வெல்லாவெளியில் இருந்து ஒருவர், அங்கால சம்மாந்துறையில் இருந்து இன்னொருவர். ஆள்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். 25 முதல் 45 குதிரைவலு வரையான மெசின்களுக்கு இது பொருந்தும். ஜேசிபி, பெக்கோ எல்லாம் வேறு சாதி.

அண்ணே, என்ட மெசின் 35 குதிரை. எத்தின கிலோ தூக்கும்?

குதிரை உழும், இழுக்கும். தூக்குவது அதன் வேலை இல்லை. லோடர் எவ்வளவு தூக்கும் என்பதை ஹைட்ரோலிக் எண்ணெயின் அழுத்தம், சிலிண்டரின் பருமன், கையின் நீளம் ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. எஞ்சினின் வலு கூடினால் கை வேகமாக எழும்பும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள சிலிண்டருக்கு 150 பார் அழுத்தம் கொடுத்தால் அது சுமார் 3 தொன் விசையோடு தள்ளும். இரண்டு சிலிண்டருக்கும் 6 தொன். ஆனால் அதே லோடர் பக்கெட் முனையில் ஐந்நூறு அறுநூறு கிலோதான் தூக்கும். சிலிண்டர் கையின் அடியில் பிடிக்கிறது, பாரமோ கையின் நுனியில் இருக்கிறது. மீதி விசையை நெம்பு தின்றுவிடும். ஆகவே பொனெட்டைப் பார்க்காதீர்கள். லோடரின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் அதன் புத்தகத்தையும் பாருங்கள்.

புத்தகத்தில 600 கிலோ எண்டு போட்டிருக்கு. அப்ப 600 கிலோ மணல் அள்ளலாம்தானே?

அள்ள ஏலாது. அந்த 600 எங்கே அளந்தது என்று பாருங்கள். பெரும்பாலான புத்தகங்களில் அது பக்கெட் பூட்டும் ஊசியில் அளந்த கணக்கு. சிலர் ஊசிக்கு 500 மில்லிமீற்றர் முன்னால் அளந்த கணக்கையும் சேர்த்துப் போடுவார்கள். அது குறைவாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மைக்குக் கிட்டியது. மணல் ஊசியில் தொங்குவதில்லை, அதற்கு முன்னால் பக்கெட்டின் வயிற்றில் கிடக்கிறது.

பக்கெட்டின் சொந்த நிறையையும் கழிக்க வேண்டும். 100, 110 கிலோ பக்கெட் என்றால் 600 அப்போதே 490 ஆகிவிடும். மணல் முன்தள்ளி இருப்பதற்கு இன்னும் கொஞ்சம் கழித்தால் கையில் நிற்பது 400 கிலோ அளவுதான். எந்த உயரத்துக்கான கணக்கு என்பதையும் பாருங்கள். நிலத்தருகே தூக்குவதை உச்சியில் தூக்காது.

விக்கிற ஆள் ஒரு தொன் தூக்கும் எண்டு சத்தியம் பண்ணுறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, வேறு ஒரு எண்ணை வாசித்துக் காட்டினாலே போதும். பக்கெட் நிலத்தில் இருக்கும்போது மண்ணைப் பிடுங்கி எடுக்கும் விசைக்குத் தனிக் கணக்கு உண்டு. அது பெரும்பாலும் தூக்கும் கணக்கை விடப் பெரிதாக இருக்கும். பிடுங்குவது ஒரு சாணுக்கு, தூக்குவது லொறித் தட்டு உயரத்துக்கு. "உச்சி உயரத்தில் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள், குரல் தானாக இறங்கும். நான் முதல் லோடர் வாங்கியபோது இதைக் கேட்கத் தெரியாமல் போனது. அந்தக் கதை கீழே வரும்.

ஒரு பக்கெட் மணல் எவ்வளவு நிறை? கண்ணால பார்த்துச் சொல்ல ஏலுமா?

சொல்லலாம். சின்ன மெசின் பக்கெட் குவித்து அள்ளினால் சுமார் கால் கனமீற்றர், அதாவது ஏறக்குறைய 9 கன அடி பிடிக்கும். காய்ந்த மணல் கனமீற்றருக்கு 1600 கிலோ என்றால் பக்கெட்டுக்கு 400. மழையில் ஊறிய மணல் 2000 கிலோ வரை போகும், அப்போது பக்கெட்டுக்கு 500. நெல் என்றால் அதே பக்கெட்டில் 150 கிலோ கூட வராது. நேற்றுத் தூக்கிய அதே குவியலை மழைக்குப் பிறகு இன்று தூக்கும்போது மெசின் முனகுகிறது என்றால் மெசினில் பிழை இல்லை.

நாம் மணல் வாங்கும் கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். கணக்குப்படி அது பதினொரு பன்னிரண்டு பக்கெட். ஒருவர் எட்டே பக்கெட்டில் ஒரு கியூப் ஏற்றினேன் என்றால் ஒன்றில் பக்கெட் பெரிது, இல்லாவிட்டால் கியூப் சின்னது.

பின்பாரம் பின்பாரம் எண்டு சொல்றீங்க. அது ஏன்?

பழைய கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். முன் நுனியில் வாளி, நடுவில் கால், பின் நுனியில் கல். மெசினில் வாளி பக்கெட், கால் முன் அச்சு, கல் பின்பாரம். கல் இல்லாத துலாவில் தண்ணீர் இறைப்பது எப்படியோ, பின்பாரம் இல்லாத லோடரில் மணல் அள்ளுவதும் அப்படித்தான்.

எண்ணாகப் பார்ப்போம். லோடரும் வெறும் பக்கெட்டும் பூட்டிய மெசின் 1500 கிலோ, அதில் முன் அச்சில் 800, பின் அச்சில் 700. இரண்டு அச்சுக்கும் இடைவெளி 1.6 மீற்றர். பக்கெட்டின் பாரம் முன் அச்சுக்கு 1.1 மீற்றர் முன்னால். இப்போது 400 கிலோ தூக்கினால் முன் அச்சில் கூடுவது 400 அல்ல, 675. பின் அச்சில் இருந்து 275 களவு போகிறது. முன்னால் 1475, பின்னால் வெறும் 425. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது அந்த 425ம் மறைந்துவிடும்.

பின் லிப்டில், அதாவது கலப்பை கொழுவும் கைகளில், பின் அச்சுக்கு 1 மீற்றர் பின்னால் 300 கிலோ கொங்கிறீட் கட்டியைக் கொழுவுங்கள். முன் அச்சு 1475ல் இருந்து 1290க்கு அருகே இறங்கும், பின் அச்சு 425ல் இருந்து 910க்கு மேலே ஏறும். கட்டியின் நிறை 300தான், பின்னால் கூடியது 490க்குக் கிட்ட. மிச்சத்தை முன் அச்சில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

பின் டயருக்குத் தண்ணி அடிச்சிட்டன். அது போதும்தானே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். தண்ணீர் நல்லது, ஆனால் போதாது.

டயருக்குள் இருக்கும் தண்ணீர் பின் அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அச்சுக்குப் பின்னால் ஒரு அங்குலம் கூடத் தள்ளி இல்லை. 300 கிலோ தண்ணீர் என்றால் பின் அச்சில் 300 கூடும், முன் அச்சில் ஒரு கிலோவும் குறையாது. மேலே சொன்ன கணக்கில் முன் அச்சு 1475லேயே நிற்கும். சில்லில் பூட்டும் வார்ப்பிரும்புப் பாரமும், சேற்றுழவுக்குப் பூட்டும் இரும்புச் சில்லும் இதே கதைதான். பின் சில்லு எழும்பாமல் இருக்க அவை உதவும், முன் அச்சின் தோளில் இருக்கும் சுமையை இறக்கி வைக்காது. துலாவின் கல்லைப் பின் நுனியில் கட்டாமல் காலுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தால் யாராவது தண்ணீர் இறைப்பார்களா?

தண்ணீரும் கட்டியும் இரண்டும் இருந்தால் மிக நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் கட்டி.

தண்ணி அடிக்கிறதெண்டா எவ்வளவு? வாவித் தண்ணி சரிவருமா?

வால்வு உச்சியில் நிற்கும்படி சில்லைத் திருப்பி, வால்வு மட்டம் வரை விடுங்கள். முக்கால் டயர் அளவு வரும். முழுக்க நிரப்பினால் காற்றுக்கு இடமில்லாமல் டயர் கல்லாகிவிடும், அடி நேராகக் கியர்ப் பெட்டிக்கும் அச்சுக்கும் போகும். 13.6-28 அளவு டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 லீற்றர் பிடிக்கும், லீற்றருக்கு ஒரு கிலோ. குளிர் நாட்டுக்காரர் உறையாமலிருக்க அதில் உப்பு கலப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வாவித் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு வால்வைத் தின்னும், டியூப் கசிந்தால் றிம்மையும் தின்னும். கிணற்றுத் தண்ணீர் போதும்.

அப்ப எத்தின கிலோ பின்னால கொழுவ வேணும்?

லோடரின் புத்தகத்தில் எழுதியிருந்தால் அதுவே சட்டம், என் கணக்கைத் தூக்கி எறியுங்கள். புத்தகம் இல்லாவிட்டால் அரிசி ஆலைத் தராசுக்குப் போங்கள். வெட்டு முடிந்து ஓய்ந்த நேரத்தில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பக்கெட்டை வழக்கமாக அள்ளும் பாரத்தோடு ஒரு அடி உயரத்தில் வைத்துக்கொண்டு முதலில் முன் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றுங்கள், பிறகு முழு மெசினையும் ஏற்றுங்கள். மொத்தத்தில் முன்னதைக் கழித்தால் பின் அச்சின் பங்கு.

என் கைக்கணக்கு இது: பாரத்தோடு இருக்கும்போது மொத்த நிறையில் காற்பங்காவது பின் அச்சில் இருக்க வேண்டும், குண்டும் குழியுமான இடமென்றால் மூன்றில் ஒன்று. மேலே சொன்ன மெசினில் கட்டி இல்லாமல் 22 வீதம், கட்டியோடு 41 வீதம். முன் அச்சின் எண்ணை அதன் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைத் தாண்டினால் கட்டியைப் பெரிதாக்குவதை விடப் பக்கெட்டைச் சின்னதாக்குவதே புத்தி.

ரொட்டவேட்டரை பின்னாலேயே விட்டா?

விடலாம். நிறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மண் கிளறும் ரொட்டவேட்டரைச் சுற்றும் பின் சுழலித் தண்டைக் கட்டாயம் நிறுத்தி வையுங்கள். கரைச்சல் என்னவென்றால் அகலம். திரும்பும்போது சுவர், வேலி, சில நேரம் ஆள் கால். ஒரு நாள் வேலைக்குச் சரி, தினம் அள்ளுபவருக்கு ஒடுக்கமான கட்டிதான் வசதி.

பெட்டியைக் கொழுவிக்கொண்டே லோடர் வேலை செய்தா பின்னுக்குப் பாரம்தானே?

பெட்டி, அதாவது டிரெய்லர், தன் பாரத்தில் பெரும்பங்கைத் தன் சில்லுகளிலேயே வைத்துக்கொள்ளும், மெசினுக்குக் கொடுப்பது கொஞ்சம். பின்னுக்கு எடுக்கும்போது பெட்டி மடிந்து நிற்கும், முன்னுக்குப் போய் நிறுத்தும்போது பின்னால் இருந்து தள்ளும். கழற்றி வையுங்கள்.

பின் லிப்டில ரெண்டு பொடியன்மார் ஏறி நிண்டா காணாதா?

காணும், ஒரு நாளைக்கு. நானும் செய்தவன்தான். முதல் லோடர் வாங்கிய வருடம், தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், விற்றவர் சொன்ன ஒரு தொன்னை நம்பி ஈர மணல் அள்ளினேன். பின் சில்லு எழும்பியது. மருமகனையும் அவனுடைய கூட்டாளியையும் லிப்ட் கையில் ஏறி நிற்கச் சொன்னேன். மூன்றாவது பக்கெட்டில் முன் சில்லு ஒரு கிடங்கில் இறங்க, பின்பக்கம் எம்பி அடித்து, மருமகன் வரம்பில் போய் விழுந்தான். கை முறிந்ததோடு போனது. மெசின் அப்போது பின்னுக்குப் போய்க்கொண்டிருந்திருந்தால் என் அக்காவின் முகத்தை நான் பார்த்திருக்க முடியாது. பையன்களுக்கு நிறை உண்டு, ஆனால் அவர்களை ஊசி போட்டுப் பூட்ட முடியாது.

கொங்கிறீட் கட்டி நானே வார்க்கலாமா?

தாராளமாக. கொங்கிறீட் கனமீற்றருக்கு 2400 கிலோ. 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று பலகை அடித்து வார்த்தால் சுமார் 300 கிலோ வரும். 1:2:4 கலவைக்கு ஒரு மூடை சீமெந்து போதும், மிஞ்சும். 200 லீற்றர் பீப்பாயைப் பாதியாக வெட்டி வார்த்தால் 240 கிலோ. முழுப் பீப்பாயையும் நிரப்பிவிடாதீர்கள், அது 480. சின்ன மெசினின் லிப்டுக்கு அது கூடிப்போகலாம்.

பெரும்பாலும் சொதப்புவது இரும்பு வேலையில்தான். கீழ் ஊசிகள் இரண்டையும் தனித்தனியாகக் குத்தி வார்க்கக் கூடாது. ஒரே இரும்புத் தண்டு கட்டியின் அடிப்பகுதியில் குறுக்கே ஊடுருவிப் போக வேண்டும். சின்ன மெசின்களில் பொதுவாக வரும் முதலாம் வகை லிப்டுக்குக் கீழ் ஊசி 22 மில்லிமீற்றர், மேல் ஊசி 19 மில்லிமீற்றர். கீழ் ஊசிகளின் தோள்களுக்கு இடையே 683 மில்லிமீற்றர், கீழ் ஊசிக்கும் மேல் ஊசிக்கும் இடையே உயரம் 460. உங்கள் மெசினையும் ஒருமுறை அளந்து பாருங்கள். மேல் ஊசியைத் தாங்கும் இரண்டு பட்டை இரும்பும் கீழ்த் தண்டோடு ஒட்டப்பட்டு, கட்டிக்குள்ளேயே எழும்ப வேண்டும். வெறும் கொங்கிறீட்டில் குத்திய ஊசி ஒரு போகத்தில் ஆடத் தொடங்கிவிடும்.

வார்த்த பிறகு ஒரு கிழமைக்குச் சாக்குப் போட்டு நனையுங்கள். பூட்டும்போது பக்கச் சங்கிலிகளை இறுக்குங்கள், கட்டி ஊஞ்சல் ஆடக் கூடாது.

நிலத்தில வைச்சுத் தூக்கேக்க ஒண்டும் இல்ல. நெஞ்சளவு வந்த உடனே பின் சில்லு எழும்புது. பம்பில பிழையோ?

பம்பில் ஒன்றுமில்லை. லோடரின் கை வட்டமாகச் சுழல்கிறது. பக்கெட் கீழே இருக்கும்போது மெசினுக்குக் கிட்ட இருக்கும். கை நேர் மட்டமாக வரும்போது, ஏறக்குறைய நான்கு அடி உயரத்தில், முன்னால் அதிக தூரம் போய்விடும். அப்புறம் மேலே போகப் போகத் திரும்பவும் கிட்ட வரும். கவிழ்க்கும் வலு அந்த நடு உயரத்தில்தான் உச்சம். சிலர் அது எழும்பத் தொடங்கியதும் "இன்னும் கொஞ்சம் தூக்கினால் சரியாகிவிடும்" என்று இழுப்பார்கள். சில நேரம் சரியாகும், சில நேரம் ஆளோடு போகும். ஸ்டியரிங்கைத் திருப்பாமல், பதறாமல், பக்கெட்டை மெதுவாக நேரே இறக்குங்கள்.

பின்னுக்குப் பாரமும் இரிக்கு. ஆனா பக்கவாட்டில சரியப் பாத்துது.

மெசினுக்கு நான்கு கால் என்று நினைக்கிறோம், சரிவதற்கு அதற்கு மூன்றுதான். முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடும்படி பூட்டியிருக்கிறது. ஆகவே மெசின் நிற்பது பின் சில்லு இரண்டும் நடு ஊசியும் சேர்ந்த முக்கோணத்தில். பாரம் முன்னுக்குப் போகப் போக அந்த முக்கோணத்தின் கூரான பக்கத்துக்குப் போகிறீர்கள், அங்கே நிற்க அகலமே இல்லை. பின்பாரம் அதை அகலமான பக்கத்துக்கு இழுத்து வருகிறது. அதை உயரத்தூக்கிய பக்கெட் மீண்டும் கெடுத்துவிடும். பாரத்தோடு ஓடும்போது பக்கெட் நிலத்தில் இருந்து ஒரு அடி, அதற்கு மேல் வேண்டாம். கொட்டும் இடத்துக்குப் போய் நின்ற பிறகு தூக்குங்கள். வரம்பில் ஒரு பக்கச் சில்லை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் தூக்காதீர்கள்.

குளக்கட்டால இறங்கேக்க பிரேக்கே பிடிக்கல்ல. பிரேக் புதுசு.

பெரும்பாலான சின்ன மெசின்களில் பிரேக் பின் சில்லுகளுக்கு மட்டும்தான். பின் அச்சில் நிறை இல்லாவிட்டால் பிரேக் நன்றாகவே பிடிக்கும், சில்லும் நிற்கும், மெசின் வழுக்கிக்கொண்டே போகும். பின்பாரத்துக்கு இது இன்னொரு காரணம். முன் சில்லும் இழுக்கும் மெசின் என்றால் சரிவில் அதைப் போட்டே ஓடுங்கள், அப்போது முன் சில்லும் சேர்ந்து பிடிக்கும். பாரத்தோடு குளக்கட்டில் ஏறும்போது முன்னுக்கும், இறங்கும்போது பின்னுக்கும் ஓடுங்கள். பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

என்னட்ட இரிக்கிறது முன் சில்லு இழுக்காத பழைய மெஸி. இரும்பு ஒட்டுக்காரர் லோடர் செய்து தாறன் எண்டுறார்.

செய்து தருவார், தூக்கவும் தூக்கும். மெஸி பேர்கசனின் உடம்பு வலுவானது, முன் அச்சு அப்படி இல்லை. உழவில் முன்பக்கம் எழும்பப் பார்க்கும் மெசினுக்கு மெல்லிய முன் அச்சும் ஒடுங்கிய டயரும் போதும் என்றுதான் அதைக் கட்டினார்கள். அதே அச்சில் மேலே சொன்ன 1475 கிலோவைப் போட்டால் ஒவ்வொரு சிறு டயருக்கும் 740 வரும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லையை வாசித்துப் பாருங்கள். டயர் தப்பினாலும் சில்லுத் தண்டு வளையும், பெயாரிங் அரைபடும், நடு ஊசி தேயும். பவர் ஸ்டியரிங் இல்லாவிட்டால் தோள்மூட்டும் தேயும்.

செய்தே தீருவேன் என்றால் எரு, வைக்கோல், சப்பு போன்ற இலேசானவற்றுக்கு மட்டும் சின்ன பக்கெட்டாகப் போடுங்கள். பின்னால் கட்டி கட்டாயம். முன் டயர் காற்றை டயரில் அனுமதித்த உச்சத்தில் வையுங்கள். நடு ஊசிக்கு லோடர் வேலை நாட்களில் தினமும் கிறீஸ் அடியுங்கள். ஈர மணலுக்கு அந்த மெசினை நான் கொண்டு போக மாட்டேன்.

ரிலீப் வால்வை ஒரு சுத்து இறுக்கினாக் கூடத் தூக்குமாம், உண்மையோ?

உண்மை. வளையக் கூடாதது எதுவோ அது வளையும் வரைக்கும் தூக்கும். எண்ணெய் அழுத்தம் எல்லை தாண்டாமல் திறந்துவிடும் அந்த வால்வு அந்த இடத்தில் நின்று மறுப்பது பம்பையும் குழாயையும் உங்கள் முன் அச்சையும் காப்பாற்றத்தான். லோடர் தூக்க மறுத்தால் அது நல்ல செய்தி. பின் சில்லு எழும்புவதுதான் கெட்ட செய்தி, அதற்கு வால்வு மருந்தில்லை.

மெசினோட முன்னுக்கு வந்த பாரக் கட்டைகள என்ன செய்ற?

லோடர் பூட்டினால் கழற்றுங்கள். முன்னால் இனிப் பாரம் தேவையில்லை. பின் லிப்டில் ஒரு சட்டம் செய்து அங்கே மாட்டினால் காசில்லாத பின்பாரம்.

எல்லா நேரமும் கட்டி பின்னாலேயே இரிக்கட்டுமா?

லோடரைக் கழற்றினால் கட்டியையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ஏற்றத்தில் முன்பக்கம் எழும்பும். ஈர வயல் வட்டைக்குள்ளும் வேண்டாம். நம் களிமண் ஒருமுறை இறுகினால் அடுத்த போகம் வரைக்கும் அதன் கோபம் தீராது.

உங்கட கட்டியை ரெண்டு நாளைக்கு இரவல் தருவீங்களா?

கட்டி தர மாட்டேன். அது என் மெசினுக்கு அளந்து வார்த்தது, உங்கள் லிப்டில் ஊசி ஆடும். வார்த்த பலகை அச்சு கொட்டிலில் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள், முதலில் உங்கள் லிப்ட் கைகளின் அளவை எடுத்துக்கொண்டு வாருங்கள். அச்சைத் திருப்பித் தரும்போது கழுவித் தாருங்கள். போன தடவை கொண்டு போனவர் கொங்கிறீட்டோடேயே கொண்டு வந்து போட்டார், அதைச் சுரண்ட எனக்கு ஒரு பின்னேரம் போனது.